காப்பக நாய், பூனைகளை வீட்டில் ஃபாஸ்டர் செய்வது எப்படி: கூட்டி வருவதிலிருந்து வழியனுப்புவது வரை

ஃபாஸ்டர் என்றால், காப்பகத்து விலங்கை நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. என் முதல் ஃபாஸ்டர் நாய் வீட்டுக்கு வந்த அன்று, "இது நம்ம நாயா, இல்லையா?" என்று அம்மா கேட்டார். "பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிற பொண்ணு மாதிரி வச்சுக்கோங்கம்மா. தேறினதும் போயிடும்" என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ வெறுங்கையோட அனுப்பக் கூடாது" என்றார்.

அதன்பிறகு எங்கள் சென்னை வீட்டின் சின்ன அறையில் நிறைய நாய்களும் பூனைகளும் தங்கிப் போய்விட்டன. ஃபாஸ்டர் என்பதன் முழு அர்த்தமும் அம்மாவின் அந்தப் பதிலில் இருப்பதாக இன்றும் நினைக்கிறேன். சோறு போட்டு வைத்துக்கொள்வது பாதி வேலைதான். உடம்பில் தெம்பு, தடுப்பூசி அட்டை, மனிதர்கள் மேல் கொஞ்சம் நம்பிக்கை, அதன் குணத்தைத் தெரிந்த ஒருவர் எழுதிக்கொடுத்த குறிப்பு, இவ்வளவும் சேர்ந்தால்தான் அது இன்னொரு வீட்டில் நிலைக்கும்.

ஃபாஸ்டர் தேவைப்படுவது காப்பகங்கள் மோசம் என்பதால் அல்ல. கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தார் 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற பெரிய அமைப்பானாலும், நாலைந்து பேர் கைக்காசு போட்டு நடத்தும் சிறு காப்பகமானாலும், ஒரே சுவருக்குள் நிறைய விலங்குகள் இருக்கும்போது நோய் பரவத்தான் செய்யும். ஊசி போடாத குட்டிகள், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவை, சத்தத்தைக் கேட்டே மூலையில் சுருண்டுகொள்பவை, வயதானவை. இவற்றுக்கு அங்கே எவ்வளவு நல்ல கவனிப்பு கிடைத்தாலும் ஒரு வீட்டின் அமைதி கிடைக்காது.

முதல் படி: எந்த விலங்கு என்று முடிவு செய்வது

"ஏதாவது ஒண்ணு கொடுங்க, பார்த்துக்கறேன்" என்று போய் நிற்காதீர்கள். உங்கள் நாளின் நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். வேலைக்குப் போய்விட்டு மாலையில்தான் திரும்புவீர்கள் என்றால் வளர்ந்த பூனை ஏற்றது. வீட்டில் பெரியவர்கள் யாராவது எப்போதும் இருக்கிறார்கள் என்றால், கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்து 10 முதல் 14 நாள் தையல் ஆறும்வரை தங்க இடம் தேடும் நாயை எடுக்கலாம். முதல்முறை செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எப்போது முடியும் என்பது தெளிவாகத் தெரியும், வேலையும் பெரிதாக இருக்காது.

கண் திறக்காத பூனைக்குட்டிகளை முதல்முறையே எடுக்காதீர்கள். பார்க்க உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஆனால் ராத்திரி முழுக்க உங்களைத் தூங்கவிடாது. அதைவிட முக்கியமாக, அனுபவமில்லாத கையில் சீக்கிரம் இறந்துபோகும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்பே பேசுங்கள். செல்லப்பிராணியே கூடாது என்று அடுக்குமாடிச் சங்கங்கள் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, உண்மைதான். ஆனால் மாடிப்படியில் தினமும் சண்டை நடக்கும் வீட்டில் பயந்த நாய் ஒன்று தேறாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் "ஒரு மாசம்தான் இருக்கும், ராத்திரி குரைச்சா சொல்லுங்க" என்று நாமே போய்ச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: காப்பகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது

மருத்துவச் செலவு யாருடையது? எந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும்? ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் யாருக்குப் போன் செய்வது? நான் ஊருக்குப் போக நேர்ந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்? தத்து கேட்டு வருபவரை யார் விசாரிப்பது, கடைசி முடிவு யாருடையது? எத்தனை நாள்? இந்த ஆறுக்கும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருமுறை, காப்பகம் ஒன்றிலிருந்து "இரண்டு வாரம்" என்று சொல்லிக் கொடுத்த நாய் எங்களிடம் ஏழு மாதம் இருந்தது. நடுவில் போனையே எடுக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, கை நிறைய வேலை. ஆனால் அந்த ஏழு மாதச் செலவும் கவலையும் எங்கள் தலையில் விழுந்தது. இப்போதெல்லாம் தேதி குறிக்காமல் எதையும் அழைத்து வருவதில்லை.

இதுவரை போட்ட ஊசி, கொடுத்த குடற்புழு மருந்து, கருத்தடை ஆனதா என்ற விவரம் எல்லாம் எழுதிய அட்டையையும் கேட்டு வாங்குங்கள். எதுவுமே தெரியாது என்றால், எதுவும் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் கைக்கு ஊசி

பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். தொடர்ந்து ஃபாஸ்டர் செய்யப்போகிறீர்கள் என்றால், கடிபடுவதற்கு முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் பொதுவாக முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று ஊசி. இப்படிப் போட்டுக்கொண்டவரை பின்னால் ஏதாவது கடித்தால் முதல் நாளும் 3ஆம் நாளும் இரண்டு ஊசி போதும்.

முன்பு ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், கடித்துவிட்டது, அல்லது நகம் பட்டுக் கீறிவிட்டது என்றால், குழாயடியில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள், ஊசி இலவசம். குட்டிதானே, வீட்டுக்குள் இருப்பதுதானே என்று தள்ளிப்போடாதீர்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை.

நான்காம் படி: அறை

கதவு மூடும் ஓர் அறை வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குளியலறை, அல்லது முழுவதும் வலை போட்ட பால்கனி. புதிதாக வரும் எந்த விலங்கும் முதல் 14 நாள் உங்கள் சொந்தச் செல்லங்களோடு சேரக் கூடாது. தண்ணீர்க் கிண்ணம், சாப்பாட்டுத் தட்டு, துணி எல்லாம் தனி. அந்த அறைக்குள் போகத் தனிச் செருப்பும் ஒரு பழைய நைட்டியோ சட்டையோ வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் கையைக் கழுவுங்கள்.

பூனை என்றால் அறையை அதன் கண்ணால் பாருங்கள், அதாவது தரையில் உட்கார்ந்து ஒருமுறை, நாற்காலியில் ஏறி ஒருமுறை. குளியலறை வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே குட்டி நுழைந்துவிடும். புறாவுக்காகக் கட்டிய நைலான் வலையைக் கடித்துப் பிய்க்கும் பூனைகள் உண்டு, அதனால் வாரம் ஒருமுறை முடிச்சுகளை இழுத்துப் பாருங்கள். பூனை உயரத்திலிருந்து விழுந்தால் தானாகவே காலில் நின்று தப்பிக்கும் என்பதை நம்பாதீர்கள். தாடை உடைந்து, நுரையீரல் அடிபட்டு வரும் பூனைகள் நிறைய.

எலி மருந்து, கொசு மருந்து பாட்டில், மாத்திரை டப்பா எல்லாம் அறையை விட்டு வெளியே போகட்டும். பூனை இருக்கும் வீட்டில் ஃபினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். பாதத்தில் ஒட்டியதை அது நக்கும், ஃபினால் வகைகளை அதன் கல்லீரலால் சமாளிக்க முடியாது. இதே காரணத்தால்தான் மனிதர்களின் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை உண்டு. அதுவும் பூனைக்கு விஷம்.

ஐந்தாம் படி: முதல் மூன்று நாள், ஒன்றும் செய்யாமல் இருப்பது

புதிதாக ஒரு விலங்கு வந்ததும் தூக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், உறவினர் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தோன்றும். எதையும் செய்யாதீர்கள். தண்ணீர், சாப்பாடு, படுக்க ஒரு பழைய போர்வை, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி, அவ்வளவுதான். நீங்கள் அறையில் தரையில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். அதைப் பார்க்காதீர்கள், அது உங்களைப் பார்க்கட்டும்.

மீட்பு வேலையில் இருப்பவர்கள் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் இடம் என்று நினைக்க மூன்று மாதம். எல்லாவற்றுக்கும் அப்படியே பொருந்தாது. கறுப்பி என்று நாங்கள் அழைத்த நாய் 19 நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். தெருவில் பிறந்தவளுக்கு மின்விசிறி, டிவி, லிஃப்ட், வழுக்கும் டைல்ஸ் எல்லாமே புதிது. 20ஆம் நாள் காலை நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து முழங்கையில் மூக்கை வைத்தாள்.

நாய் தொலைந்துபோவது பெரும்பாலும் இந்த முதல் நாட்களில்தான். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்குக் கதவைத் திறக்கும் அந்த நொடி போதும். அதற்கு உங்கள் வீடும் தெரியாது, பழைய இடத்துக்கு வழியும் தெரியாது. அதனால் முதல் வாரம் வீட்டுக்குள்ளும் இலேசான வாரைக் கழுத்துப்பட்டையில் மாட்டியே விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பட்டையில் உங்கள் போன் எண் இருக்கட்டும். வெளியே போகும்போது கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும் சேர்த்து மாட்டுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் எந்தப் புது நாயையும் இருட்டிய பிறகு வெளியே கூட்டிப்போக வேண்டாம்.

ஆறாம் படி: சாப்பாடு

பட்டினி கிடந்த விலங்குக்கு முதல் நாளே வயிறு முட்டப் போட்டால் வாந்தியும் கழிச்சலும்தான். கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுங்கள். நாய்க்கு உப்பு, மசாலா, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியும் குழைந்த சோறும் ஆரம்பத்துக்கு நல்லது. சாம்பார் சாதம் வேண்டாம், அதில் வெங்காயம் இருக்கிறது. வெங்காயம், பூண்டு இரண்டும் நாய், பூனைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட்டும் கூடாது. வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். கடைத் தீவனத்துக்கு மாற்றுவதென்றால் ஏழு நாளில் மெதுவாகக் கலந்து மாற்றுங்கள்.

பூனை தயிர்சாதம் சாப்பிட்டு வாழ முடியாது. அதற்கு இறைச்சி, மீன் போன்றவற்றில் கிடைக்கும் டாரின் என்ற சத்து வேண்டும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். புதுப் பூனை பயத்தில் முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டு நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் போய்விடுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

பால்குடிக் குட்டிகள்

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாடிப்படிக்கு அடியிலோ மீட்டர் பெட்டிக்குள்ளோ பூனைக்குட்டிகளைப் பார்த்ததும் அள்ளி எடுத்துக்கொண்டு காப்பகத்துக்கு ஓடுகிறார்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். குட்டிகள் வயிறு நிறைந்து சத்தமில்லாமல் தூங்கினால் தாய் வருகிறது என்று அர்த்தம். சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாய்ப்பூனையைவிட நல்ல ஃபாஸ்டர் யாரும் இல்லை.

தாய் உண்மையிலேயே இல்லை என்றால், முதல் வேலை சூடு. குளிர்ந்து கிடக்கும் குட்டிக்குப் பால் கொடுத்தால் அது செரிக்காது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணியால் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக மறுபக்கம் இடம் இருக்கட்டும். தொட்டால் வெதுவெதுப்பாக ஆன பிறகுதான் பால்.

பசும்பால் வேண்டாம், கழிச்சல் வரும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்பவுடரை வாங்குங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோல வயிறு கீழே இருக்கட்டும், தலை சற்றே நிமிர்ந்திருக்கட்டும். சிரிஞ்சை அழுத்தாதீர்கள், அது உறிஞ்சட்டும். ஒவ்வொரு முறையும் பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவுங்கள். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் இது. இல்லாவிட்டால் சிறுநீர்கூடத் தானாகக் கழிக்கத் தெரியாது.

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். நாளுக்குக் குறைந்தது 10 கிராம் ஏற வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். ஒருநாள் ஏறவில்லை என்றால் கவனியுங்கள், குறைந்தால் அன்றே மருத்துவர். கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும். 4 வாரத்தில் மென்மையான உணவு பழக்கலாம், மலம், சிறுநீர் கழிக்க மணல் தட்டும் வைக்கலாம். 8 வாரத்துக்கு முன் கூடப்பிறந்தவற்றிடமிருந்து பிரிக்காதீர்கள். கடித்தால் வலிக்கும் என்பதை அவை ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்வது அந்த வாரங்களில்தான்.

ஏழாம் படி: நோயை முன்பே பார்ப்பது

நாய்க்குட்டிகளைப் பறிகொடுப்பதில் முதலிடம், குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கு. வைரஸ் தொற்றி பெரும்பாலும் 3 முதல் 7 நாளில், சிலவேளை 14 நாள்வரை ஆகியும், நோய் வெளியே தெரியும். முதலில் சோர்வு, சாப்பாடு வேண்டாம் என்பது. அப்புறம் வாந்தி, துர்நாற்றத்தோடு ரத்தக் கழிச்சல். காலையில் விளையாடிய குட்டி ராத்திரி எழ முடியாமல் கிடக்கும். "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்ல இதில் நேரம் இல்லை, நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும். ஃபினாயிலுக்கு இந்த வைரஸ் சாகாது. மலத்தை எடுத்து, சோப்பால் கழுவி, பிறகு 1 பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் விட வேண்டும். ப்ளீச்சை வேறு எந்தத் திரவத்தோடும் கலக்காதீர்கள். மண்ணில் இது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், பார்வோ வந்த வீட்டுக்கு ஊசி முடியாத குட்டியை அடுத்த ஓராண்டாவது கொண்டுவராதீர்கள். பூனைக்குட்டிகளைக் கொல்லும் பான்லூக்கோபீனியாவும் இதன் உறவுதான், அதே கவனம் தேவை.

நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் ஊசி ஆரம்பித்து, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். வெறிநோய் ஊசி 3 மாதத்தில். முதல் ஊசி போட்டதுமே தெருவில் இறக்கிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

வளர்ந்த நாய்களில் நம் ஊர் வெயிலுக்கு உண்ணிக் காய்ச்சல் மிக அதிகம். சாப்பிடாமல் படுத்திருக்கும், ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் தரும் மாத்திரையைச் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும், நாலு நாளில் தேறிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. சொறிக்குப் பழைய என்ஜின் ஆயில், புழு வைத்த புண்ணுக்குப் பெட்ரோல், இவற்றை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். தோல் வழியே உள்ளே இறங்கி விஷமாகும். பூனையின் மேல் வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது நமக்கும் ஒட்டும்.

எட்டாம் படி: வீட்டுச் செல்லங்களோடு சேர்ப்பது

14 நாள் முடிந்ததும் முதலில் வாசனை. இதன் போர்வையை அதற்கும் அதன் போர்வையை இதற்கும் மாற்றிப் போடுங்கள். பிறகு மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. பிறகு கதவிடுக்கில் பார்வை. நாய்கள் இரண்டு என்றால் வீட்டுக்குள் அறிமுகம் செய்யாதீர்கள், இரண்டு பேர் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு வெளியே சேர்ந்து நடக்க விடுங்கள். சேரவே இல்லை என்றாலும் பரவாயில்லை, கடைசிவரை தனி அறையிலேயே இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: நல்ல வீடு தேடுவது

அதன் குணம் உங்களுக்குத்தான் தெரியும் என்பதால், விளம்பரமும் நீங்கள் எழுதினால்தான் சரியாக இருக்கும். கூண்டுக்குப் பின்னால் எடுத்த படம் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், அதன் கண் மட்டத்தில் எடுங்கள். கறுப்பு நாய்க்குப் பின்னால் வெளிர் நிறத் துணி. "அழகான குட்டி, தத்து தேவை" என்பதைவிட "மழைச் சத்தத்துக்குப் பயப்படும், குழந்தைகளோடு பொறுமை, தனியாக நான்கு மணி நேரம் இருக்கும்" என்று எழுதினால் சரியான ஆள் வருவார். குறையை மறைத்துக் கொடுத்தால் ஒரே வாரத்தில் திரும்பிவிடும், நாய்க்கு அது இன்னொரு அடி.

பெண் குட்டி வேண்டாம் என்பவர்களை நிறையப் பார்ப்பீர்கள். குட்டி போட்டுவிடும் என்ற பயம்தான், கருத்தடை செய்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள். பூனை நாலைந்து மாதத்திலேயே சினைபிடித்துவிடும், அதனால் குட்டியாகக் கொடுக்கும்போது கருத்தடைக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வருபவரின் வீட்டை நேரில் பாருங்கள். எங்கே தூங்கும் என்று கேளுங்கள். "மொட்டை மாடியில கட்டிப் போடுவோம்", "கார் ஷெட்ல காவலுக்கு இருக்கும்" என்றால் நான் கொடுப்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், முன்பு வளர்த்தது என்ன ஆயிற்று? இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுபவரிடமும் கொடுப்பதில்லை. மறுக்கும்போது மனம் சங்கடப்படத்தான் செய்யும். மறுக்கத் தெரிய வேண்டும்.

நாமே வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருநாள் தோன்றும். வைத்துக்கொள்ளலாம், அது தவறே இல்லை. ஆனால் அந்த அறை நிரம்பிவிட்டால் அடுத்தது வர இடமிருக்காது. எங்கள் வீட்டில் இரண்டு பேர் அப்படித் தங்கிவிட்டார்கள், அதற்குமேல் இல்லை என்று முடிவு செய்திருக்கிறோம். சில போராடியும் இறந்துபோகும். மூன்று நாள் வயதுக் குட்டி உள்ளங்கையிலேயே உயிரை விட்டபோது நான் ஒரு மாதம் எதையும் எடுக்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஆனால் காப்பகத்திடம் சொல்லிவிட்டு ஓய்வெடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பத்தாம் படி: வழியனுப்புவது

அம்மா ஒரு துணிப்பை தைத்து வைத்திருப்பார். அதில் ஊசி அட்டை, ஒரு வாரத்துக்குப் போதுமான அதே தீவனம், துவைக்காத பழைய போர்வை (அந்த வாசனைதான் முதல் ராத்திரி அதைத் தூங்கவைக்கும்), கடித்து விளையாடிய பொம்மை, அப்புறம் ஒரு நோட்டு. எத்தனை மணிக்குச் சாப்பிடும், எந்தச் சத்தத்துக்கு நடுங்கும், எங்கே சொறிந்தால் பிடிக்கும், என்ன சொல்லிக் கூப்பிட்டால் வரும் என்றெல்லாம் அந்த நோட்டில் இருக்கும்.

கூட்டிப்போக வருபவரைக் காலை நேரத்தில் வரச் சொல்லுங்கள், இருட்டுவதற்குள் புது வீட்டைச் சுற்றிப் பார்க்கட்டும். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் போன் செய்யுங்கள். எப்போது வேண்டாம் என்றாலும் தெருவில் விடாமல் உங்களிடமோ காப்பகத்திடமோ திருப்பித் தரச் சொல்லுங்கள். அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கறுப்பி போன அன்று அம்மா பையில் ஒரு பழைய காட்டன் புடவையை மடித்து வைத்தார். அவள் கட்டிலுக்கு அடியில் 19 நாள் படுத்திருந்த புடவை அது. மூன்றாம் மாதம் நான் போன் செய்தபோது, அந்தப் புடவை இப்போது சோபாவின் மேல் கிடக்கிறது, கறுப்பியும் அதன் மேலேதான் கிடக்கிறாள் என்றார்கள்.